நன்னடத்தைச் சான்றுக் கடிதம் (தண்டனை விசாரணை)

குற்றவாளி எனத் தீர்ப்பான ஒருவரின் குணநலன் பற்றி, அவரை நன்கறிந்தவர் தண்டனை விதிக்குமுன் நீதிபதிக்கு எழுதித் தரும் கடிதம். சட்டம் இதற்கெனத் தனிப் படிவம் வகுக்கவில்லை. வழக்கறிஞர் வழியே தாக்கலாகும்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு, தண்டனை குறித்துக் குற்றவாளியைக் கேட்பதைக் கட்டாயமாக்கியது. அது வெறும் சடங்கன்று, தண்டனை தொடர்பான விவரங்களை முன்வைக்கும் வாய்ப்பு என்று சாந்தா சிங் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1.7.2024 முதல், 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258(2) பிரிவு இதற்குப் பொருந்தும். நன்னடத்தையின் பேரில் விடுவிக்க 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இடமளிக்கிறது. அங்கு நன்னடத்தை அலுவலரின் அறிக்கையே முதன்மையானது, கடிதம் துணை மட்டுமே.

எழுதுபவர் தம் பெயர், முகவரி, தொழில், பழக்கத்தின் காலம் ஆகியவற்றுடன், தீர்ப்பை அறிந்தே எழுதுவதாகவும் குறிப்பிட வேண்டும். ‘நல்லவர்’ என்ற பொதுச் சொல்லுக்கு வலுவில்லை. ‘என் மளிகைக் கடைக் கல்லாவை ஏழாண்டு பார்த்தார், கணக்கு ஒருநாளும் பிசகவில்லை’ என்பது போன்ற நேரடி விவரமே பயன்படும். தீர்ப்பை மறுப்பதும் பாதிக்கப்பட்டவரைக் குறைகூறுவதும் குற்றவாளிக்கே கேடாகும்.