சிறுநீர் சொல்லும் சேதி: தேரையர் முதல் கொரோனா வரை

2021 ஏப்ரல் 6. தமிழகமே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் மட்டும் கொரோனா தொற்றோடு மதுரையில் சிகிச்சையில் இருந்தார். ஏப்ரல் 11 அன்று இறந்துபோனார். ஓட்டு எண்ணிக்கை மே 2-ம் தேதி. தன் தேர்தல் முடிவைத் தெரிந்துகொள்ளாமலே ஒரு வேட்பாளர் போய்விட்டார்.

அந்த மாதங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீடுகளில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஒரே வீட்டில் ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போகிறது, இன்னொருவருக்கு மூச்சுத் திணறுகிறது. யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல ஏதாவது அடையாளம் உண்டா?

இந்தக் கேள்வி மிகப் பழையது. அதற்குப் பதிலை மனிதன் முதலில் தேடிய இடங்களில் ஒன்று சிறுநீர்!

சித்த மருத்துவத்தில் நோயறிய எட்டு வகைத் தேர்வுகள் உண்டு. நாடி, தொடுகை, நாக்கு, நிறம், குரல், கண், மலம், மூத்திரம். இதில் கடைசியானதைத் தனிக் கலையாகவே வளர்த்த பெருமை தேரையருக்குச் சேரும். சிறுநீரின் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. விடிகாலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது நெய்க்குறி. பாம்பாக நெளிந்தால் வாதம், வளையமானால் பித்தம், முத்தாகத் திரண்டு நின்றால் கபம். சித்தர் மலை என்று பெயர் பெற்ற சதுரகிரி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எனவே இந்தப் பக்கத்து மக்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல.

ஐரோப்பாவிலும் இதே ஆராய்ச்சி நடந்தது. 1674-ல் தாமஸ் வில்லிஸ் சர்க்கரை நோயாளியின் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். 1827-ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரைச் சூடாக்கினால் திரிதிரியாக உறையும் அல்புமினுக்கும் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்.

வைரஸ் எப்போது வந்தது? 1960-ல் தட்டம்மை நோயாளிகளின் சிறுநீரிலிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். தட்டம்மை மூச்சு வழியே பரவுவது. மூக்கில் நுழைந்தது சிறுநீரில் எப்படி? ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவியதால்தான்.

2003-ல் சார்ஸ் வந்தது. உலகம் முழுக்க 8,096 பேருக்குத் தொற்று, 774 பேர் மரணம். ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். கழிவுநீர்க் குழாய்களின் மேல் சந்தேகம் விழுந்தது. அங்கிருந்த நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், நோயின் இரண்டாம் வார முடிவில் சுமார் 42 சதவீதம் பேரின் சிறுநீரில் வைரஸைக் கண்டார்கள். நுரையீரல் நோய் என்று நினைத்தது உடல் முழுக்கப் பரவும் நோயாக இருந்தது.

எனவே 2020-ல் கொரோனா வந்ததும் அதே இடத்தில் தேடினார்கள். இங்கேதான் ஏமாற்றம். சீனாவில் செய்த ஓர் ஆய்வில் 72 சிறுநீர் மாதிரிகளில் ஒன்றில்கூட வைரஸ் இல்லை. ஆனால் குவாங்சோவில் நோய் முற்றிய ஒருவரின் சிறுநீரிலிருந்து உயிருள்ள வைரஸையே பிரித்தெடுத்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். சிறுநீரில் வைரஸ் இருந்தால் அது நுரையீரலைத் தாண்டிவிட்டது என்று கவலைப்படலாம். இல்லை என்றால் நிம்மதி அடைய முடியாது. ஏனென்றால் முற்றிய நோயாளிகள் பலரிடமும் அது அகப்படுவதில்லை. கிடைத்தாலும் பிசிஆர் காட்டுவது பல நேரம் செத்த வைரஸின் துணுக்குதான்.

அப்படியானால் சிறுநீர் ஒன்றுமே சொல்லவில்லையா? சொன்னது! வூகானில் மருத்துவமனையில் சேர்ந்த 701 பேரை ஆராய்ந்தபோது, 43.9 சதவீதம் பேரின் சிறுநீரில் புரதமும், 26.7 சதவீதம் பேரின் சிறுநீரில் ரத்தமும் இருந்தன. இவை இருந்தவர்களுக்கு மரண ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. அதாவது வைரஸைத் தேடிய புதுச் சோதனையை விட, பிரைட் காலத்து அல்புமின் சோதனை அதிகம் பேசியது.

இதில் ஊர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆனால் விருதுநகர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022 ஜனவரியில்தான். தொற்று உச்சத்தில் இருந்தபோது அது இல்லை. பெரிய ஆய்வுக்கூடம் தொலைவில் இருக்கும் இடத்தில், கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யும் சாதாரண அல்புமின் சோதனைக்கு மதிப்பு அதிகம். அது மட்டுமே ஒருவர் பிழைப்பாரா என்று சொல்லிவிடாது. ஆனால் யாரை முதலில் மதுரைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் மருத்துவருக்கு, ஆக்சிஜன் அளவோடு சேர்த்துப் பார்க்க அது இன்னொரு துப்பு.

எண்ணெய்ச் சொட்டை உற்றுப் பார்த்த தேரையர் தேடியதும் அந்தத் துப்பைத்தானே!