திருச்சி டூ சிங்கப்பூர்: பறப்பது 4 மணி நேரம், கடிகாரத்தில் ஆறே முக்கால்!

திருச்சி விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 2 ஆயிரத்து 980 கிலோ மீட்டர் தூரம். வங்கக்கடலை தாண்டி, சுமத்ரா தீவின் வடமுனை பக்கமாக போய் மலாக்கா ஜலசந்தி வழியாக இறங்கும். நிற்காமல் போகும் விமானத்துக்கு 4 மணி நேரத்துக்கு சற்று கூடுதலாக ஆகும். காற்றை பொறுத்து 10, 15 நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்.

திருச்சி தெற்கே இருப்பதால் சென்னையை விட பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சென்னை கொஞ்சம் கிழக்கே இருப்பதால் அங்கிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் குறைவு. ஆனால் விமானத்தில் இது 5 நிமிட சமாச்சாரம். இதற்காக தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் ராத்திரி பூரா பஸ்சில் உட்கார்ந்து சென்னை போக வேண்டியதில்லை. டிக்கெட் விலை ரொம்ப குறைந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சிங்கப்பூர் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982-ம் ஆண்டுக்கு முன்பு 2 மணி நேரம்தான் வித்தியாசம். மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்கள்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம்ம ஊர் நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். அதனால் போகும்போது ஆறே முக்கால் மணி நேரம் போல தெரியும். திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்து விடுவது போல தெரியும். இரண்டுமே கடிகாரக் கணக்குதான்.

நேரத்தை விட தேதியில்தான் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் "14-ந் தேதி 00.40" என்று இருந்தால், அது 13-ந் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு வரும் 12.40 மணி. அதாவது 13-ந் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14-ந் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். விலை குறைந்த டிக்கெட் என்றால் பணமும் பெரும்பாலும் திரும்பாது. முதல் முறை வேலைக்கு போகிறவர்களுக்கு கடன் வாங்கிய காசு அது. டிக்கெட் கைக்கு வந்ததும் ஏஜெண்டிடம் "எந்த கிழமை ராத்திரி கிளம்பணும்?" என்று கேட்டு, காலண்டரில் அந்த கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

அந்த விமானம் சிங்கப்பூர் நேரப்படி காலை ஏழரை மணி வாக்கில் இறங்கும். நம்ம ஊரில் அப்போது மணி 5. அங்கிருந்து இரவு 9 மணிக்கு கிளம்பினால் இங்கே இரவு 10.45 மணி வாக்கில் தரை இறங்கும். பாஸ்போர்ட் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம். கூட்டிப்போக கார் பேசுகிறவர்கள் டிரைவரிடம் 11.30 மணி என்று சொன்னால் போதும்.