கிக்கர் தாங்குதா?

புல்லட்டின் கிக்கரில் ஏறி நின்றால் அது உடனே கீழே போகக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் வரை எஞ்சின் ஆளைத் தாங்கி, அதற்கப்புறம் மெல்ல இறங்க வேண்டும். நின்றதுமே பொசுக்கென்று இறங்கினால் கம்ப்ரஷன் போச்சு. 1979-ல் சிந்தாதிரிப்பேட்டை பட்டறையில் நான் சேர்ந்தபோது மேஸ்திரி காட்டிய முதல் பாடம் இது. என்னை நிற்க விடமாட்டார். நாற்பது கிலோகூட இல்லை நான். "உன் கால் இன்னும் பேசாதுடா, போய் டீ வாங்கிட்டு வா" என்பார்.

அவருக்கு அவருடைய மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததும் இதேதான். வேறு எந்த வண்டியிலும் இப்படி மூன்று தலைமுறைக்கு ஒரே பாடம் ஓடியிருக்காது. 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக ராணுவம் நூற்றுக்கணக்கில் புல்லட் கேட்டது. அந்தத் தேவையை ஒட்டி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் கப்பலில் வந்த பாகங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்தன, 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே வார்ப்பிரும்பு பேரல், அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பழைய பஞ்சாங்கம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. பட்டறைக்காரனுக்கு அதுதான் சோறு போட்டது.

கழற்றுவதற்கு முன்னால் நோயைக் கண்டுபிடிப்பதில் மேஸ்திரிக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பேரலை லேத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரும்பு போகிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தவ்' என்போம். இருபது தவ் வெட்டி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அடுத்து நாற்பது. அப்படியே போனால் ஒருநாள் வெட்ட இடம் இருக்காது, ஸ்லீவ்தான் இறக்க வேண்டும். பேரலுக்கு ஆயுசு எண்ணி வைத்திருக்கிறது, அதில் ஒன்றை வீணாக்கினால் பாவம் என்பது மேஸ்திரியின் கட்சி.

அதனால் நிதானமாகப் பார்ப்பார். பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, நாலு உதை உதைத்துவிட்டு, பிளக்கை மாட்டி மறுபடி கிக்கரில் நிற்பார். இப்போது தாங்கினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்தச் சந்தை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போதும் தாங்காவிட்டால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட்டிலோ. தன் பாரத்தைக் கிக்கரில் போட்டுக்கொண்டே என்னைக் காது வைக்கச் சொல்வார். கார்புரேட்டர் வாயில் 'உஸ்' என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்து மூச்சு பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, அல்லது உதைக்கும் முன் லீவரால் திறந்து காற்றை வெளியேவிடும் டீகம்ப்ரஷன் வால்வு. பிரீதர் குழாயில் வந்தால் ரிங்தான். கம்ப்ரஷன் கேஜ் என்ற சாமானை நான் கண்ணால் பார்த்ததே பல வருஷம் கழித்து.

தனிப் பட்டறை போட்ட புதிதில் இதையெல்லாம் மறந்து ஒரு தப்பு செய்தேன். ஒரு வாத்தியார் வண்டி, கிக்கர் தாங்கவில்லை. ஆயில் விட்டுப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஹெட்டை இறக்கி, போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டினேன். மறுபடியும் அதே கதை. வலது பக்கச் சின்ன மூடியைத் திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் புஷ்ராடு விறைத்து நிற்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் முனையில் அது விரலுக்கு லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டைட்டாக இருந்தால் வால்வு முழுசாக உட்காராது. இரண்டு ஸ்பேனர், ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் போய் அந்தப் பேரலில் இருபது தவ்வைத் தின்றுவிட்டேன். வாத்தியாரிடம் கூலி வாங்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.

2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சினின் காலம் முடிந்தது. பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டிகள் வந்தன, டீகம்ப்ரஷன் லீவரும் ஆம்பியர் மீட்டரும் போயின. ஆம்பியர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, லீவரைப் பிடித்து, பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளிவிட்டு உதைக்கும் சடங்கெல்லாம் இப்போது பழைய வண்டிப் பிரியர்களிடம்தான்.

அப்படி ஒரு தம்பி போன மாசம் 1974 மாடலைத் தள்ளிக்கொண்டு வந்தான். "கேஜ்ல ரொம்பக் கம்மியா காட்டுதுண்ணே, போர் போட்டுடலாமா?" ஏறி நின்றேன், பொசுக்கென்று இறங்கியது. "தம்பி, சைலன்சர்ல கை வை." அவன் முகம் மாறியது. "காத்து வருதுண்ணே." இடது கைப்பிடியில் டீகம்ப்ரஷன் கேபிள் வில் நாண் மாதிரி விறைத்துக் கிடந்தது. யாரோ புதுசு மாட்டி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் தொய்வு விட்டுவிட்டு மறுபடி ஏறினேன்.

இப்போது என் எடை எழுபத்தெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்குத்தான் இறங்கியது.