நரம்பில் உறங்கும் நோய்

கொப்புளிப்பான் சிறுபராயத்து நோய். ஒருமுறை வந்து மாறினால் அது உடலை விட்டு நீங்கியது என்பதே மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அக்கியோ பெரும்பாலும் முதியோரை வருத்துவது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், கச்சை கட்டியதுபோலக் கொப்புளங்களை எழுப்பித் தாங்கொணா எரிவைத் தருவது. இவ்விரண்டும் ஒரே கிருமியின் செயல்கள் என்பதை மருத்துவ உலகம் உணர்வதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன.

1767ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபடன், கொப்புளிப்பான் பெரியம்மையினின்றும் வேறானது என விளக்கினார். அக்கியின் மூலம் முள்ளந்தண்டை அடுத்துள்ள நரம்புத் திரட்டுகளில் இருத்தல் வேண்டுமென 1831இல் றிச்சாட் பிறைற் கருதினார். 1900இல் ஹென்றி ஹெட், கம்பெல் என்னும் இருவர், அக்கி கண்டு பின்னர் இறந்த 21 பேரின் உடல்களை ஆராய்ந்து, அத்திரட்டுகள் சிதைந்திருந்தமையைக் காட்டினர்.

இதற்கிடையில், 1888ஆம் ஆண்டளவில், புடாபெஸ்ற் நகரக் குழந்தை மருத்துவர் பொக்காய் விந்தையொன்றைக் கவனித்தார். அக்கி கண்டவர் இருந்த வீடுகளிலே குழந்தைகளுக்குக் கொப்புளிப்பான் தோன்றியது! அவ்வாறாயின், அந்த முதியவருக்கு அக்கியைக் கொடுத்தவர் யார்? அயலில் எவருக்கும் நோயில்லாதபோதும் அது எங்கிருந்து வந்தது?

1950களில் அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் வெல்லர், இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரசைப் பிரித்து வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். எனினும், அது முதியவரை அடைந்த வழி மட்டும் புலப்படவில்லை.

அவ்வழியைத் தெளிவாக்கியவர் ஆய்வுகூட விஞ்ஞானியல்லர். இங்கிலாந்தின் சிரென்செஸ்ரர் என்னும் சிற்றூரிலே நாள்தோறும் நோயாளரைப் பார்த்துவந்த பொது மருத்துவர் எட்கார் ஹோப் சிம்சன் என்பவரே அவர். ஏறக்குறைய 3,500 பேர் அவருடைய பராமரிப்பில் இருந்தனர். 1947 முதல் 1962 வரை, 16 ஆண்டுகளாக, அவர்களிடையே தோன்றிய 192 அக்கி நோய்களையும் அவர் குறித்துவைத்தார். அக்கி கொள்ளைநோயாகப் பரவவில்லை; பருவகாலத்தைப் பின்பற்றவில்லை; வயது ஏற ஏறப் பெருகியது. கொப்புளிப்பான் செறிந்து காணும் முகத்திலும் நடுவுடலிலுமே அக்கியும் மிகுதியாகத் தோன்றியது.

1965இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். கொப்புளிப்பான் ஆறும்போது வைரசு முற்றாக அழிவதில்லை. தோலிலுள்ள உணர்ச்சி நரம்புகளின் வழியே உள்ளேறி, நரம்புத் திரட்டிலே ஒடுங்கிக் கிடக்கின்றது. உடலின் எதிர்ப்பாற்றல் அதனைக் கட்டுப்படுத்துகின்றது. முதுமையால் அவ்வாற்றல் தளரும்போது, வைரசு விழித்தெழுந்து, வந்த நரம்பின் வழியே மீண்டும் தோலை அடைகின்றது. ஆகவே முதியவருக்கு நோயைக் கொடுத்தவர் அயலவரல்லர். குழந்தைப் பருவத்தில் அவரே பெற்ற நோயே அது. அவரிடமிருந்து அது, இதுவரை அந்நோய் காணாத பேரப்பிள்ளைக்குக் கொப்புளிப்பானாகத் தொற்றுகின்றது. சிறு சமுதாயங்களிலும் இந்நோய் தலைமுறை தலைமுறையாக அழியாதிருப்பதன் காரணமும் இதுவே.

1980களில் மனித நரம்புத் திரட்டுகளில் அவ்வைரசின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டு, அவரது கருத்து உறுதியாயிற்று. யப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் கொப்புளிப்பான் தடுப்பு மருந்தை ஆக்கினார். 2006 முதல் அக்கியைத் தடுக்கும் மருந்தும் வழக்கிற்கு வந்தது. உறங்கும் வைரசை நரம்பினின்றும் அகற்றும் மருந்து இன்றுமில்லை. அதை எழவிடாது காக்கும் வழியே உண்டு. அவ்வழி திறந்ததில், சிற்றூர் மருத்துவர் ஒருவரின் குறிப்பேடுகளுக்கும் பெரும் பங்குண்டு.