எந்தக் கொசு? தோட்டக் காய்ச்சலின் வரலாறு



தோட்டப்புற வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "கொசுக்கடியால் மலேரியா பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் எழுதினேன். புள்ளியும் கிடைத்தது. ஆனால், எந்தக் கொசு?

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டி, "காட்ட அழிச்சா காய்ச்சல் வரும் சாமி" என்பார். பள்ளியிலோ காட்டை வெட்டிச் சதுப்பை வற்றவைத்தால் மலேரியா ஒழியும் என்று படித்தேன். பாட்டி சொன்னது மூடநம்பிக்கை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டுமே சரி என்பது பிற்பாடுதான் புரிந்தது.

மலேரியாக் கிருமி அனாபிலிஸ் வகைக் கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், நகரைச் சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டி வடிகால் தோண்டச் செய்தார். காய்ச்சல் சட்டென்று இறங்கியது. அங்கே இருந்தது 'அம்புரோசஸ்'. நிழல் படிந்த காட்டுச் சதுப்பில் முட்டையிடுவது. காடு போனதும் அதுவும் போய்விட்டது.

அப்புறம் என்ன, எல்லா இடத்துக்கும் இதே மருந்து என்று நினைத்தார்கள். மலையடிவாரங்களிலும் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். நம் பேராக்கின் மலையோரத் தோட்டங்களும் அந்த வகை நிலம்தான். அங்கே காய்ச்சல் இறங்கவில்லை, ஏறியது! மலையோடைகளில் வாழ்வது 'மக்குலாட்டஸ்'. அதற்குத் தெளிந்த ஓடும் நீரும் வெயிலும் வேண்டும். ஓடைக்கு மேலிருந்த நிழலை அகற்றி, அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததே கோடாலிதான். புதிதாகக் கப்பலிறங்கி, எதிர்ப்புச் சக்தி இல்லாமல் லயத்தில் குடியேறிய நம்மவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தவர்கள். காலையில் பெரட்டுக்கு நிற்கவும் முடியாமல், கொய்னாவே கதியென்று கிடந்தார்கள்.

இதை உணர்ந்த வாட்சன், மலை நிலத்தில் வேறு வழிக்குப் போனார். ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் ஓடவிட்டார். முடியாத இடத்தில் நீர்மேல் எண்ணெய் தெளிக்கச் செய்தார். முதுகில் எண்ணெய்த் தோம்பைச் சுமந்துகொண்டு ஓடையோரம் நடந்த ஆளை உங்கள் தாத்தா பாட்டி பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எந்த இனம் நோய் பரப்புகிறதோ அதை மட்டும் குறிவைக்கும் இந்த முறை 'இனவாரிச் சுகாதாரம்' எனப்பட்டது.

சரி, இனத்தை எப்படிப் பிரித்தறிவது? மக்குலாட்டஸின் கால்களில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருக்கும், பின்னங்காலின் நுனி வெண்மையாக இருக்கும். அம்புரோசஸ் கருத்தது. இவ்விரண்டையும் உருப்பெருக்கியில் பிரித்துவிடலாம். கேட்டர் என்பவர் 1934இல் கூத்தாடிப் புழுக்களுக்கும் 1935இல் வளர்ந்த கொசுக்களுக்கும் அடையாள வழிகாட்டிகள் வெளியிட்டார்.

உண்மையான சிக்கல், அம்புரோசஸ் என்ற ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்தது. 1944இல், சப்பானியர் ஆட்சிக் காலத்தில், ஏ. ஏ. சந்தோசம் என்ற ஆய்வாளர் அதற்குள்ளிருந்து இன்னோர் இனத்தைப் பிரித்து 'லெட்டிஃபர்' என்று பெயரிட்டார். பெயரைப் பாருங்கள், நம்ம ஊர்ப் பெயர்! லத்தீனில் லெட்டிஃபர் என்றால் சாவைக் கொண்டுவருவது. கடலோரத் தாழ்நிலத்தில் மனிதருக்கு நோய் பரப்பியதில் இதற்குப் பெரும் பங்கு. அம்புரோசஸின் உடலில் கண்ட கிருமிகளில் பல, சருகுமானுக்கு வரும் மலேரியாக் கிருமிகள் என்று 1960களில் தெரியவந்தது. பல ஆண்டுகள் பழி சுமந்தது அம்புரோசஸ்; அதன் சாயலில் தப்பித்துக்கொண்டது லெட்டிஃபர்.

இந்த ஆள்மாறாட்டம் கொசுவோடு நிற்கவில்லை. சரவாக்கின் காப்பிட்டில், நுண்ணோக்கியில் பார்த்து 'மலேரியே' என்று எழுதப்பட்ட கிருமி, மரபணுச் சோதனையில் குரங்குகளிடமிருந்து வரும் 'நோலெசி' என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 2018 முதல் நாட்டுக்குள் தொற்றிய மனித மலேரியா பதிவாகவில்லை. நோலெசி மட்டும் இன்னும் இருக்கிறது.

தேர்வுக்கு எழுதும்போது கிள்ளானையும் மலையடிவாரத்தையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். ஒரே கோடாலி ஓரிடத்தில் காய்ச்சலைக் குறைத்ததற்கும் மற்றோரிடத்தில் கூட்டியதற்கும் காரணம் சொல்லுங்கள். ஈப்போவிலிருந்து கிழக்கே மலைகளைக் காட்டி, "அங்கே எந்தக் கொசு இருந்திருக்கும்?" என்று என் வகுப்பில் கேட்பேன். ஓடையில் வெயில் படுமா என்று திருப்பிக் கேட்கிற பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி கொடுத்துவிடுவேன்.