சாலைத் தெருவும் தீபாவளி அடுப்பும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைவீதிக்குச் ‘சாலை’ என்று பெயர். 1789 முதல் 1798 வரை திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டி நாட்டுச் சரக்குகள் வண்டிகளில் வந்தன. அவற்றோடு தமிழ் வணிகரும், பின்னர் அவர்தம் குடும்பத்தாரும் வந்து குடியேறினர்.

மலையாள நாட்டின் பெருவிழா ஓணம். தீபாவளிக்கு அங்கே அத்துணைச் சிறப்பில்லை. ஊர் கொண்டாடாத பண்டிகையை வீடுதான் காக்க வேண்டும். ஆகவே சாலைத் தமிழர் இல்லங்களில் வெல்லப்பாகு காய்ச்சி, பச்சரிசி மாவு கலந்து, ஊறவைத்து அதிரசம் சுட்டனர். ஐப்பசி மழையில் எண்ணெய் முழுக்காடியவர்க்குச் சுக்குக் காப்பி இதமளித்தது. அதில் சேரும் மிளகு மலைநாட்டுச் செல்வம். கருப்பட்டியோ தென்பாண்டிப் பனையின் கொடை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. சாலையோ கேரளத்தில் நின்றது. எல்லை மாறிற்று, அடுப்பு மாறவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நம் மக்கள் பள்ளியில் வேற்றுமொழி பயில்கின்றனர். பாகு, பதம், பக்குவம் ஆகிய சொற்களை அவர்கள் அடுப்பங்கரையில்தான் கேட்க முடியும். பண்டிகைப் பலகாரத்தைக் கடையில் வாங்குவது எளிது. அச்சொற்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை அருகிலமர்த்தி நாமே சுடுவோமாக.