ஏழு நாளில் ஒரு புத்தகம்

பரீட்சித்து மகாராஜாவுக்குக் கிடைத்த அவகாசம் ஏழே நாள். ஏழாம் நாள் தட்சகன் வந்து தீண்டுவான் என்பது சாபம். கங்கைக் கரையில் உட்கார்ந்து, சுகர் சொல்லச் சொல்ல, அந்த ஏழு நாளில் அவர் பாகவதம் முழுவதையும் கேட்டு முடித்தார். 18,000 சுலோகம் கொண்டது என்று பெரியவர்கள் கணக்குச் சொல்லும் நூல் அது. "இவ்வளவு பெரிய நூலை இவ்வளவு அவசரமாகக் கேட்டால் மனத்தில் தங்குமா?" என்று மகாராஜா சந்தேகம் எழுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஏழு நாளை நினைத்துத்தான் நம்மவர்கள் சப்தாகம் நடத்துகிறார்கள்.

மகாராஜா எழுப்பாத அந்தச் சந்தேகத்தை அமெரிக்காவில் சில பேராசிரியர்கள் எழுப்பினார்கள். நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த விவாதம் நடந்தது. சண்டை முழுவதும் ஏழு நாளைப் பற்றித்தான்.

விவாதத்தைக் கிளப்பியவர் ஜான் எர்ஸ்கின் என்ற ஆங்கிலப் பேராசிரியர். 1879இல் பிறந்தவர். பியானோ வாசிப்பதில் நிபுணர். பிற்காலத்தில் நாவலும் எழுதினார். டிராய் நகரத்து ஹெலனை வைத்து 1925இல் அவர் எழுதிய வேடிக்கையான நாவல் ஏராளமாக விற்றது. ஆகவே, ஜனங்கள் ஒரு புத்தகத்தை எதற்காகக் கையில் எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நாம் நம்பலாம்.

அவருடைய யோசனை இதுதான்: மாணவர்கள் வாரத்துக்கு ஒரு பெரிய நூலை முழுவதும் படித்துவிட்டு வர வேண்டும். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அடுத்த வாரம் அடுத்த நூல். இப்படி ஹோமரில் தொடங்கி இரண்டு வருஷம்.

சக பேராசிரியர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். ஹோமர் என்ன, மாலைப் பத்திரிகையா? இலியத்தில் 24 பகுதிகள் இருக்கின்றன. 15,000 அடிகளுக்கு மேல். அதைக் கிரேக்க மொழியில் படித்து உணர்வதற்கே ஓர் ஆயுள் போதாது. மொழிபெயர்ப்பில், ஏழு நாளில், இருபது வயதுப் பையன் படித்து என்ன தெரிந்துகொள்வான்? நம் ஊரில் ஒருவர் கம்பராமாயணத்தை ஒரு வாரத்தில் படித்துவிட்டு வரும்படி சொன்னால் நம்முடைய வித்துவான்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, அதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

எர்ஸ்கினுடைய பதில் மிகவும் எளிமையானது. பெரிய நூல்கள் பேராசிரியர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. எழுதப்பட்ட காலத்தில் சாதாரண ஜனங்கள் அவற்றைக் கேட்டார்கள், படித்தார்கள், ரசித்தார்கள். எந்த நூலையும் யாராயிருந்தாலும் முதல் தடவை என்று ஒரு தடவை படித்துத்தான் ஆக வேண்டும். அந்த முதல் தடவைக்குத்தான் அவர் இடம் கேட்டார்.

இதற்கிடையில் முதல் மகாயுத்தம் குறுக்கிட்டது. 1918 நவம்பரில் சண்டை நின்ற பிறகும், ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் அமெரிக்கச் சிப்பாய்கள் பிரான்ஸில் காத்துக் கிடந்தார்கள். அவர்களுக்காக 1919இல் போன் என்ற ஊரில் ஒரு தற்காலிகச் சர்வகலாசாலை ஏற்பட்டது. பல ஆயிரம் சிப்பாய்கள் துப்பாக்கியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் எர்ஸ்கின். ஊர் திரும்பியதும் பழைய யோசனையை மறுபடியும் எடுத்தார். இந்தத் தடவை அனுமதி கிடைத்தது. 1920இல் வகுப்பு ஆரம்பமாயிற்று.

புதன்கிழமை மாலை வகுப்பு. சிறு கூட்டம். ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர். அவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டுப் பேசுவதற்கென்றே ஜோடி சேர்க்கப்பட்டவர்கள். சொற்பொழிவு கிடையாது. இதில்தான் சூட்சுமம் இருந்தது. சொற்பொழிவு நடக்கும் வகுப்பில், படிக்காத மாணவன் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு தப்பிவிடலாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் கடைசி பெஞ்சுக்கு எங்கே போவது?

அந்த மேஜைக்கு வந்த முதல் மாணவர்களில் ஒருவர் மார்டிமர் ஆட்லர். பதின்வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் எடுபிடி வேலை பார்த்த பையன். ஜான் ஸ்டூவர்ட் மில் சின்னக் குழந்தையாயிருந்தபோதே பிளேட்டோவைப் படித்தவர் என்று மில்லின் சுயசரிதையிலிருந்து தெரிந்துகொண்டு, "நமக்கு இவ்வளவு வயதாகியும் படிக்கவில்லையே!" என்று வெட்கப்பட்டு பிளேட்டோவைத் தேடிப் போனவர். கொலம்பியாவில் எல்லாப் பாடங்களையும் முடித்தார். ஆனால் நீச்சல் பரீட்சை கொடுக்காததால் பி.ஏ. பட்டம் தர மறுத்துவிட்டார்கள்! பி.ஏ. இல்லாமலே டாக்டர் பட்டம் பெற்று, எர்ஸ்கின் காட்டிய வழியைச் சிகாகோவுக்கும் கொண்டுபோனார். புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதற்கே 1940இல் ஒரு புத்தகம் எழுதினார். அதுவும் அமோகமாக விற்றது. வராமல் போன பி.ஏ. 1983இல்தான் வந்து சேர்ந்தது.

தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டுமே இருந்த அந்த முறையைக் கொலம்பியா 1937இல் முதல் வருஷத்து மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. டாக்டராகப் போகிறவனும் வக்கீலாகப் போகிறவனும் ஒரே வாரத்தில் ஒரே இலியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். ஆசைப்பட்டு வந்து படித்தவர்கள் போய், கட்டாயத்துக்காகப் படிக்கிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். புதன்கிழமை நெருங்க நெருங்க, பாதிப் புத்தகம் பாக்கி நிற்கும் வேதனை ஊருக்குப் பொதுவாயிற்று. இந்த வேதனை கொலம்பியாவுக்கு மட்டும் உரியதல்ல. இலக்கிய வகுப்பு இருக்கும் இடமெல்லாம் அது இருந்தது.

வேதனை இருக்கும் இடத்தில் வைத்தியரும் வருவார். நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரத்தில், புத்தக வியாபாரத்தில் வேலை பார்த்த கிளிப்டன் ஹில்லகாஸ் என்பவர் 1958இல் 4,000 டாலர் கடன் வாங்கி, ஷேக்ஸ்பியருடைய 16 நாடகங்களுக்குச் சுருக்கமும் விளக்கமும் கொண்ட சிறு புத்தகங்களை வெளியிட்டார். கானடாவில் ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருந்த நோட்ஸ்களுக்கு அமெரிக்காவில் அச்சிடும் உரிமை வாங்கித் தொடங்கிய வியாபாரம் அது. மஞ்சளும் கறுப்புமான அந்த அட்டையைக் கண்டால் ஆசிரியர்களுக்குக் கோபம், மாணவர்களுக்கு நிம்மதி. மூல நூலுக்கு இது மாற்று அல்ல, மூலத்தையும் படியுங்கள் என்று ஹில்லகாஸ் மனப்பூர்வமாகவே எச்சரித்து வந்தார். மருந்துச் சீட்டில் அச்சடித்த பத்தியத்தை யார் படிக்கிறார்கள்? 'நோட்ஸ்' என்றால் என்ன என்று நம்மூர் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நோட்ஸ் படித்தவனுக்கு ஹாம்லட் கடைசியில் செத்துப் போகிறான் என்பது தெரியும். ஏன் தயங்கினான் என்பதற்கு நான்கு காரணங்கள் தெரியும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தத் தயக்கத்தில் அவன் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. அவசரமாகப் படித்தவனோ அரைகுறையாகவாவது நின்றிருக்கிறான். அவன் புரிந்துகொண்டது கொஞ்சம்தான், தப்பாகவும் புரிந்துகொண்டிருப்பான். ஆயினும் அது அவனுடைய சொந்தத் தப்பு. இருபது வருஷம் கழித்து அதைத் திருத்திக்கொள்ள அவன் திரும்பி வரலாம்.

அப்படித் திரும்பி வந்தவர் உண்டு. டேவிட் டென்பி என்ற சினிமா விமரிசகர் 1961இல் கொலம்பியாவில் சேர்ந்து அதே நூல்களைப் படித்தவர். 1991இல், நாற்பத்தெட்டாம் வயதில், அதே முதல் வருஷ வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு மறுபடியும் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தில் மனம் நிலைக்காமல் அவர் பட்ட பாட்டையெல்லாம் ஒளிக்காமல் எழுதி, 1996இல் புத்தகமாக வெளியிட்டார். முப்பது வருஷத்துக்கு முன் அவசரமாகப் பார்த்த முகத்தை மறுபடி பார்க்கும் ஆசைதான் அவரை அங்கே இழுத்து வந்தது. ஒரு தடவைகூடப் பார்த்திராத முகத்தை யாரும் மறுபடி பார்க்க ஆசைப்படுவதில்லை.

2022இல் அதே வகுப்பில் நடந்த ஒரு சம்பவம் இரண்டு வருஷம் கழித்து ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரு புத்தகம் என்ற கணக்கில் திணறிப் போன முதல் வருஷ மாணவி ஒருத்தி ஆசிரியரிடம் வந்து சொன்னாளாம்: தன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு புத்தகத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை படிக்கும்படி யாரும் தனக்குச் சொன்னதே இல்லை என்று. பகுதி பகுதியாகக் கிழித்துக் கொடுத்ததைத்தான் அவள் படித்திருக்கிறாள். அவள் சோம்பேறி அல்ல. கொலம்பியாவில் இடம் பெற்றவள் சோம்பேறியாயிருக்க முடியுமா? குற்றம் அவளுடையதல்ல. முழுப் புத்தகம் படிக்கக் குழந்தைகளுக்குப் பொறுமை இருக்காது என்று பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்.

2024இல் அந்த வகுப்பின் பட்டியலைக் கொஞ்சம் குறைத்தார்கள். எர்ஸ்கினை எதிர்த்த பேராசிரியர்களின் ஆவி திருப்தி அடைந்திருக்கும். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஏழு நாளில் ஹோமர் கைக்கு அடங்கமாட்டார்; எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு கணம் சுவாமியைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளப்படுகிறவன் சாவகாசமாகத் தரிசனம் செய்தவன் ஆகமாட்டான். ஆனால் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவன் அடுத்த வருஷமும் வருகிறான்.

பரீட்சித்து மகாராஜா விஷயத்துக்கு வருவோம். தம் கதையின் முடிவு அவருக்கு முதல் நாளே தெரியும். முடிவுதான் தெரிந்துவிட்டதே என்று அவர் எழுந்து போகவில்லை. சுகரைப் பார்த்துச் சுருக்கமாகச் சொல்லும்படியும் கேட்கவில்லை. இருந்த ஏழு நாளையும் கேட்பதற்கே கொடுத்தார்.